கடைசி நடைக்கு யார் பணம் தருவது?

வணக்கம். வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்கு அரசு நிலையான நிதி தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் காரில் போகிறவன். வருடாவருடம் நட்டம் காட்டும் ஒரு நிறுவனத்துக்கு என் வரிப்பணம் எதற்குப் போக வேண்டும்? ஏறுகிறவர்கள் கட்டணம் கொடுக்கட்டும், ஆள் ஏறாத தடங்களை நிறுத்தட்டும். இதில் என்ன தவறு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆள் ஏறாத தடத்தை நிறுத்துவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கேட்டதும் நியாயமாகப் படுவது அதுதான். ராத்திரி பத்தரைக்குக் கிளம்பும் கடைசி பஸ் நடையை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். டீசல் காசுக்குக்கூட வசூல் தேறாது. அதில் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடித்து வரும் செவிலியர் என்று வையுங்கள். மதியம் அவர் வேலைக்குப் போனதும் இதே தடத்தில்தான். திரும்பி வர வண்டி உண்டு என்ற தைரியத்தில்தான் போகும்போதும் பஸ் ஏறினார். கடைசி நடையை நிறுத்தினால் மதிய நடையிலும் அவருடைய டிக்கெட் போய்விடும். கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுவார், வேறு வழியில்லை. அடுத்த வருடக் கணக்கெடுப்பில் மதிய நடையும் ‘ஆள் ஏறாத நடை’ ஆகிவிடும். அதையும் நிறுத்துவார்கள்.

கட்டணத்தை ஏற்றினாலும் இதே கதைதான். கொஞ்சம் பேர் விலகுவார்கள், வசூல் குறையும், வண்டிகளைக் குறைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால் சராசரியாக 5 நிமிடம் காத்திருக்கிறோம். அரை மணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடம். நடுவில் வண்டி மாற வேண்டியவருக்கு அது இரண்டு முறை. ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972இல் இதன் மறுபக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பயணிகள் கூடினால் வண்டிகளைக் கூட்டலாம், வண்டிகள் கூடினால் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கும் காத்திருப்பு குறையும். இந்த நன்மை டிக்கெட் விலையில் முழுதாக வந்து சேராது, அதனால் பொதுப்பணம் போடுவது நியாயம் என்பது அவர் வாதம்.

நிறுத்தியே பார்த்த இடமும் உண்டு. கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் 1946 முதல் மாகாண அரசே ஊர்களை இணைத்துப் பஸ் நடத்தி வந்தது. அடுத்த 5 வருடத்துக்கு 8.5 கோடி டாலர் மானியம் வேண்டியிருக்கும், அது தாங்காது என்று சொல்லி 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். தூரத்து ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு நகரம் போனவர்கள் அதை நம்பியிருந்தார்கள். பார்சல்களும் அதில்தான் போயின. மறு வருடம் அக்டோபரில் தனியார் பஸ் நிறுவனமான கிரேஹவுண்டும் அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டது. அரசுக்கு மிச்சமான செலவு, மருத்துவமனைக்கு அழைத்துப்போக மகனோ மகளோ லீவு போட்டு வண்டி எடுக்கிற வீட்டுச் செலவாக மாறியது. வண்டியும் இல்லாமல் துணைக்கு ஆளும் இல்லாதவர் என்ன செய்வார் என்று நினைத்தால் எனக்கு மனது ஆறவில்லை.

நிர்வாகத்தில் வீண்செலவு இருக்கலாம். தணிக்கை செய்யட்டும், தவறு செய்தவரைக் கேட்கட்டும். அதற்காக வண்டியை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் வரிப்பணம் பற்றி. நீங்கள் கார் ஓட்டும் சாலையும் லாபம் ஈட்டவில்லை, அதை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஆளுக்கொரு வண்டி எடுத்தால் சிக்னலில் நிற்கப்போவது நீங்களும்தான். பிரான்சில் இந்தப் பொறுப்பில் முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. 1971இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, மொத்தச் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைப் போக்குவரத்துக்கென்றே வரியாகக் கட்டுகிறார்கள். இன்று 11 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஆட்கள் நேரத்துக்கு வந்து சேர்வதில் நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டல்லவா!

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு ஒன்றில். புது வண்டி வாங்கப் பணம் கிடைக்கிறது, கொடியசைத்துத் தொடங்கி வைக்க ஆள் கிடைக்கிறது. அதை ஓட்டுபவருக்குச் சம்பளம், டீசல், டயர், பிரேக் என்று கேட்டால் கை விரிக்கிறார்கள். அமெரிக்காவில் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரப் பகுதிகளுக்கு, அன்றாட இயக்கச் செலவுக்கான மத்திய அரசு உதவி 1998ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் நின்றுபோனது. கொரோனா காலத்தில் அவசர நிதி வந்ததால்தான் பல நிறுவனங்கள் வண்டிகளை ஓட்ட முடிந்தது. அந்தப் பணம் தீர்ந்ததும் பழைய பள்ளம் மறுபடி தெரிந்தது. உதிரிபாகம் வாங்கக் காசில்லாமல் பணிமனையில் நிற்கும் வண்டியால் யாருக்கு என்ன பிரயோசனம்?

ஆகவே உங்கள் பகுதியில் இப்படி ஒரு நிதித் திட்டம் வந்தால், எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இயக்கச் செலவுக்கென்று தனியாக எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை வருடத்துக்கு, அந்தப் பணத்துக்கு ஈடாக எந்தத் தடத்தில் எத்தனை நடை ஓட்டுவதாக எழுதித் தருகிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் தயவுசெய்து ஆதரியுங்கள்.

அன்புடன்.