சேத்துல மலை ஓட்டம்

கேள்வி: இங்கிலாந்துல இருக்கேன், ரோட்ல 10 கிலோமீட்டர் ஓடிடுவேன். ஜனவரில ஒரு ஃபெல் ரேஸ், அதாவது மலை ஓட்டப் பந்தயம், ஓட ஆசை, மலை முழுக்க சேறா இருக்குமாமே, சமாளிப்பேனா?

பதில்: தாராளமா. ஆனா ரோட்டு ஷூ வேண்டாம், அடியில ஆழமான ரப்பர் பல்லு வெச்ச ஃபெல் ஷூ வாங்குங்க, லேஸ இறுக்கி ரெட்டை முடிச்சு போடுங்க, இல்லேன்னா சேறு ஷூவையே உருவிடும். ஏத்தத்துல தொடையில கைய ஊனி நடங்க, நல்லா ஓடறவங்களே அப்படித்தான் ஏறுவாங்க. இறக்கத்துலதான் கவனம், பயத்துல பின்னால சாஞ்சா குதிகால் வழுக்கிடும், லேசா முன்னால சாஞ்சு சின்னச் சின்ன அடியா வைங்க. ஏத்தத்த வெச்சு ரேஸ பிரிச்சிருப்பாங்க, 'ஏ' பிரிவுன்னா கிலோமீட்டருக்கு குறைஞ்சது 50 மீட்டர் ஏத்தம், முதல் தடவைக்கு ஏத்தம் குறைஞ்ச 'சி' போதும்பேன். வாட்டர்ப்ரூஃப் மழை உடுப்பு, மேப், காம்பஸ், விசில் எல்லாம் கூடவே இருக்கட்டும். பாதியில விலகினா ஃபினிஷ்ல சொல்லிட்டுத்தான் கிளம்பணும், இல்லேன்னா உங்களத் தேடி அந்தக் குளிர்ல மலைக்கு ஆள் போவாங்க.