வாசகர் கேள்விகள்: குடலைத் தாங்கும் கொசுவம்

கேள்வி: சிறுகுடல் மெசன்டரியின் வேர் எவற்றைக் கடந்து போகிறது என்று தேர்வில் கேட்டால் பட்டியல் மறந்துவிடுகிறது. மனதில் நிற்கும்படி சொல்லுங்களேன்.
– செவிலியர் கல்லூரி மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: பட்டியலை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையின் கொசுவம் இடுப்பில் ஒரு கையகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. கீழே கரை விரிந்து நிற்கிறது. சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் சவ்வு மடிப்பான மெசன்டரியும் அப்படித்தான். செருகிய விளிம்புதான் வேர், ஏறக்குறைய 15 செ.மீ. விரிந்த கரையில் சுமார் 6 மீட்டர் சிறுகுடல். நடுப்பகுதியில் வேருக்கும் குடலுக்கும் இடையே 20 செ.மீ. அளவு இருக்கும்.

இந்த வேர் வயிற்றின் பின்சுவரில் சாய்வாக ஒட்டியிருக்கிறது. சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் முடிந்து அடுத்த பகுதியான ஜெஜுனம் தொடங்கும் வளைவில், இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கம் ஆரம்பம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் வலது சாக்ரோஇலியாக் மூட்டுக்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம் பெருங்குடலோடு சேரும் இடத்தில் முடிவு.

மேலிருந்து இறங்கி வாருங்கள். முதலில் டியோடினத்தின் மூன்றாவது, கிடையாக ஓடும் பகுதி. மேல் மெசன்டரி தமனியும் சிரையும் இதன் முன்னால் வந்துதான் மெசன்டரியின் இரு அடுக்குகளுக்கு இடையே இறங்குகின்றன. அடுத்து பெருந்தமனி, அதற்கு வலப்பக்கம் கீழ்ப்பெருஞ்சிரை. பிறகு முதுகெலும்பை ஒட்டி இறங்கும் வலது சோயாஸ் தசை. அதன்மேல் படுத்திருக்கும் வலது யூரெட்டரும் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாய்), விந்தகத்துக்கோ சூலகத்துக்கோ போகும் வலது இரத்தக்குழாய்களும்.

மதிப்பெண் போவது இங்கேதான்: இடது யூரெட்டரையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கோடு வலப்பக்கமாக இறங்குவதால் அதைத் தொடுவதே இல்லை. இடது யூரெட்டர், பெருங்குடலின் கடைசி வளைவைத் தாங்கும் சவ்வான சிக்மாய்டு மெசோகோலனுக்குப் பின்னால் போவது.

இந்தச் சாய்வு நோயாளியின் படுக்கையருகிலும் உதவும். வேருக்கு இடப்புறம் சேரும் சீழ் தடையின்றி இடுப்புக்குழிக்கு இறங்கிவிடும். வலப்புறம் சேர்ந்தால் கீழே வேரே வரப்புபோலக் குறுக்கே நிற்பதால் அங்கேயே தேங்கும். பிறவியிலேயே குடல் சரியாகச் சுழலாமல் வேர் குட்டையாக அமைந்த குழந்தைக்கோ, காம்பு மெலிந்த காய்போலக் குடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளக்கூடும். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு வலது அடிவயிற்றில் வலி. ஸ்கேனில் ‘மெசன்டரிக் அடினைட்டிஸ்’ என்று வந்திருக்கிறது. அப்பெண்டிக்ஸ் இல்லை என்கிறார்கள். பயப்படலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: கழுத்தில் நெறி கட்டுவதுபோல, மெசன்டரிக்குள் இருக்கும் நிணநீர்க்கணுக்கள் வீங்கியிருக்கின்றன. பெரும்பாலும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற வைரஸ் தொற்றின் தொடர்ச்சி. வேர் முடியும் வலது மூலையில் இக்கணுக்கள் நிறைய. அப்பெண்டிக்ஸும் பக்கத்திலேயே இருப்பதால்தான் வலி ஒன்றுபோலத் தெரிகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், மெசன்டரி சரிவதோடு வலிக்கும் இடமும் சற்று நகர்வது உண்டு. அப்பெண்டிக்ஸ் வலி அப்படி நகராது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஓய்வு, அடிக்கடி நீராகாரம், பாராசிட்டமால் போதும். மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் சரியாகிவிடும். வலி கூடிக்கொண்டே போனால், பையன் குனிந்தபடியே நடந்தால், வயிறு கல்லாக இறுகினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்கிறதே என்று காத்திருக்காமல் அன்றைக்கே மறுபடி காட்டுங்கள். ஆரம்ப நிலை அப்பெண்டிக்ஸ் ஸ்கேனில் தப்பிவிடுவதும் உண்டு.