பழைய தொழிற்சாலையின் முகப்பை மாற்ற ஆர்க்கிடெக்டின் வாரிசு தடை போட முடியுமா?

கேள்வி: 1980களில் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். முகப்பில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. முழுவதையும் ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் போட்டு மறைக்கலாம் என்றிருக்கிறோம். கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் காலமாகிவிட்டார். அவருடைய மகன், "அப்பாவின் படைப்பைச் சிதைக்கக் கூடாது" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கிரயப் பத்திரம் எங்கள் பெயரில் இருக்க, அவர் தடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தடை உத்தரவு வாங்குவது அவருக்குச் சுலபமில்லை. அதற்காக நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

கட்டடம் உங்களுடையது, வடிவமைப்பின் மீதுள்ள உரிமை தனி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கலைத்தன்மை உள்ள கட்டடத்தையும் கலைப்படைப்பாகவே கருதுகிறது. தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் 57ஆவது பிரிவின்கீழ் படைப்பாளி வழக்குப் போடலாம். அவருக்குப் பின் வாரிசும் போடலாம். நாலு சுவரும் ஷட்டரும் உள்ள வெறும் ஷெட் என்றால் வாதம் அங்கேயே படுத்துவிடும். வளைவு, சல்லடை போன்ற ஜாலி வேலைப்பாடு என்று முகப்புக்கு ஒரு தனித்தன்மை இருந்தால்தான் பேச்சே.

டெல்லி பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சி அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டது. வடிவமைத்த ராஜ் ரேவால் தொடுத்த வழக்கை 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமையாளரின் சொத்துரிமையே மேலோங்கியது. ஆனால் அது முழு இடிப்பு, உங்களுடையது மாற்றம். விசித்திரம்தான், முழுசாக இடிப்பவரைவிடப் பாதி மாற்றுகிறவருக்கே வம்பு அதிகம்: மாற்றிய கட்டடம் இன்னமும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும். தவிர, டெல்லித் தீர்ப்பு மற்ற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் வாசலில் ஆர்க்கிடெக்ட் பெயர் பொறித்த கல் இருந்தால் கழற்றி மகனிடமே கொடுங்கள். விளம்பரத்திலும் அந்தப் பெயர் வேண்டாம். பழைய முகப்பை நன்றாகப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, எனக்குக் கவலை நோட்டீஸ் இல்லை, அந்த ஷீட்தான். துருப்பிடித்த கம்பி பருத்துத்தான் மேல் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அதைச் சரிசெய்யாமல் மூடினால் துரு உள்ளே வளரும், ஷீட்டைத் தாங்கும் போல்ட்டும் பிடிமானம் இழக்கும். ஷீட் கழன்று யார் தலையிலாவது விழுந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பாதுகாப்புக்காகத்தான் மாற்றுகிறோம் என்று நோட்டீஸுக்குப் பதில் எழுத அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சாதாரண ஏசிபியில் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், எரியும். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017இல் 72 பேர் இறந்த தீ, இப்படிப்பட்ட வெளிச்சுவர் ஷீட் வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது. தீத்தடுப்பு ரகம், அதன் சோதனைச் சான்றிதழ், ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே தீ ஏறாமல் இருக்கத் தடுப்பு, மூன்றையும் கான்ட்ராக்டரின் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

இரும்புச் சட்டம் போட்டு முகப்பு முன்னால் வந்தால் காலியாக விட வேண்டிய இடம் குறையும். திட்ட அனுமதி தேவையா என்று உள்ளாட்சியில் கேட்டுவிடுங்கள். தீ விபத்து பாலிசி இருந்தால், வேலை தொடங்குமுன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டியே கிளெய்மை மறுக்கப் பார்ப்பார்கள்.