உலக வரைபடமும் விளையாட்டும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. உலக வரைபட ஜிக்சா வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். கண்டங்கள் மட்டும் உள்ளது போதும். அடுத்து வாங்கும்போது, நாட்டு எல்லையை ஒட்டி வெட்டிய துண்டுகள்தானா என்று பாருங்கள். வரைபடத்தைக் கண்டபடி வெட்டியிருந்தால் துண்டின் வளைவுதான் மனத்தில் நிற்கும், நாட்டின் வடிவம் நிற்காது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி விற்ற மரப்புதிர்களே எல்லைக் கோட்டின் வழியே அறுத்த வரைபடங்கள்தாம்.

கேள்வி: ஒன்பது வயது மகள் எல்லாத் தலைநகரங்களையும் ஒப்பிக்கிறாள். வரைபடத்தில் காட்டச் சொன்னால் விழிக்கிறாள்.

பதில்: தலைநகரப் பட்டியலைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். இடம் தெரியாத பெயர் வெறும் ஓசை. அண்டை நாடுகள்தாம் முதலில் பழக வேண்டும். அதற்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது எல்லை தாண்டும் விளையாட்டு: இரண்டு நாடுகளைச் சொல்லி, தரைவழியே மிகக் குறைந்த நாடுகளைக் கடந்து போகச் சொல்லுங்கள். நார்வேயிலிருந்து வடகொரியாவுக்குப் போக எத்தனை நாடுகளைக் கடக்க வேண்டும்? ஒன்றே ஒன்று, ரஷ்யா! இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை ரஷ்யாவின் நீளத்தை மறக்காது. பிறகு போர்ச்சுகல்லிலிருந்து வியட்நாமுக்கு அனுப்புங்கள். ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து, பெலாரஸ், ரஷ்யா, சீனா என்று ஏழு சொல்வாள். ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி போலந்தை ஒட்டியிருப்பதைக் கவனித்து ஆறே போதும் என்பாள்; ஆனால் அது ரஷ்யாவின் மற்றப் பகுதியோடு தரைவழியே சேராத தனித்துண்டு, அதனால் ஏழுக்குக் குறையாது. அதை நீங்களாகச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவு என்று பையன் சாதிக்கிறான்.

பதில்: அவன் பார்த்த படம் அப்படி. 1569இல் மெர்காட்டர் என்ற வரைபட வல்லுநர் கடலோடிகளுக்காக வகுத்த வரைபட முறையில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். வாதாட வேண்டாம். உலக உருண்டையின்மேல் மெல்லிய தாளை வைத்து கிரீன்லாந்தை வரைந்து வெட்டி, ஆப்பிரிக்காமேல் அடுக்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கா அதைப்போல ஏறக்குறைய பதினான்கு மடங்கு பெரியது.

கேள்வி: எங்களிடம் உள்ள பழைய புதிரில் தெற்கு சூடான் இல்லை. தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: கூடாது! புதிய அட்லஸோடு ஒப்பிட்டு வேறுபாடு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெற்கு சூடான் 2011இல் பிறந்தது; சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது. சோவியத் ஒன்றியம் இருந்தால் இன்னும் விசேஷம், புதிருக்கு 1991க்கு முந்தைய வயது.

கேள்வி: கொடி அட்டைகள் பயன்படுமா?

பதில்: ஓரளவுக்கு. சாட், ருமேனியா கொடிகளை அடுத்தடுத்து வைத்தால் பெரியவர்களே திணறுவார்கள். கொடியோடு அந்த நாட்டின் அண்டை நாடு ஒன்றையும் கேளுங்கள்.

கேள்வி: எந்த விளையாட்டிலும் அக்காவே ஜெயிக்கிறாள். தம்பி அழுகிறான்.

பதில்: அறிவு தேவைப்படாத ஆட்டம் ஒன்று வையுங்கள். காற்றடைத்த உலகப் பந்தை வீசிப் பிடிக்க வேண்டும். வலது ஆட்காட்டி விரல் நிலத்தில் பட்டதா, கடலிலா? நூறு வீச்சில் எழுபதை ஒட்டிக் கடல்தான் வரும். கணக்கெழுதும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுங்கள்.