சமதளம்தான், ஆனால் காற்று?
மேடே இல்லாத பாதை, ஆனாலும் சைக்கிளில் போய்க் கழிமுகத்துக்குத் திரும்பும்போது கால் கழன்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஆற்றோரமாக உள்ளே போய்க் கடலை நோக்கித் திரும்புவதால் வரும் வினை இது. வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். முற்பகலில் கடற்காற்று கிளம்பிப் பிற்பகலில் வலுக்கும். போகும்போது முதுகைத் தள்ளும், நம் கால்பலம் என்று நினைத்துக்கொள்வோம்! திரும்பினால் முகத்தில் அறையும். விடிந்ததும் கிளம்பி, காற்று எழுமுன் திரும்பிவிடுங்கள். தாமதமானால் கியரைக் குறைத்து மெதுவாக மிதித்தால் போதும்.

அப்புறம், கடல் ஏற்ற வற்ற நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். தாழ்வான கரைப்பாதை முழுகினால் சுற்றித்தான் வரவேண்டும். வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்பு சும்மா விடாது.