சபைப் பெரியவர்கள் ஃபேஸ்புக் வேண்டாம் என்றால்

ஃபேஸ்புக் பக்கம் தொடங்க அனுமதி கேட்காதீர்கள். மூன்று மாதச் சோதனைக்கு மட்டும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உங்கள் சபைக் கமிட்டி, ஃபேஸ்புக் பக்கத்துக்கு இரண்டு முறை அனுமதி மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 'இளைஞர்கள் வருவார்கள்' என்ற பொதுவான பேச்சு அங்கே எடுபடாது. ஒரே ஒரு வேலையைக் காட்டுங்கள்: தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது, அல்லது காவடி அன்று அன்னதானம் சமைக்க ஆள் திரட்டுவது.

மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். யாராவது கமெண்டில் கோவில் சண்டையைக் கிளறினால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம். எதற்குப் பதில், எதை நீக்குவது என்று அரைப்பக்க விதி எழுதிக் கொண்டு போங்கள். பொறுப்பாளர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒருவரிடம் மட்டுமே பாஸ்வேர்ட் இருந்தது; அவர் ஜோகன்னஸ்பர்க் போனபின் பக்கம் அப்படியே முடங்கிப் போனது.

கமிட்டியிடம் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. அடுத்த விழாவில் வாசலில் நின்று, 'இந்த நிகழ்ச்சி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு நோட்டில் கோடு போடுங்கள். வானொலியா, வாட்ஸ்அப்பா, அறிவிப்புப் பலகையா? இந்தக் கணக்கு பெரியவர்களுக்குப் புரியும், லைக் எண்ணிக்கை புரியாது. வாட்ஸ்அப் முந்தினால் அதிலேயே தொடங்குங்கள், ஃபேஸ்புக் அப்புறம் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா (POPIA) 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, நம் மாதிரிச் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளின் படம் போடுமுன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.