"ஊரா, காலனியா?"

கேள்வி: சிஸ்டர், எட்டாம் மாத செக்கப்புக்கு என் மகளைக் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதிய நர்ஸ் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "ஊரா, காலனியா?" என்றார். காலனி என்றதும் முகம் மாறிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முதலில் உள்ளே அனுப்பினார். பி.பி. பார்க்கும்போது மகள் கையில் துணியைப் போட்டு அதன்மேல் பட்டையைச் சுற்றினார். ஏன் என்றால், "உங்களுக்கெல்லாம் இது போதும்" என்கிறார். புகார் கொடுக்கலாமா? பிரசவம் அங்கேதானே, வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர்.
— ஒரு வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: கொடுங்கள் தங்கச்சி. ஆனால் முதல் வேலை மகளின் பி.பி.யை மறுபடி பார்ப்பது. வெறும் கையில் பட்டையைக் கட்டிப் பார்ப்பதுதான் முறை. எட்டாம் மாதத்தில் அந்த அளவு தப்பக் கூடாது. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரே பார்த்துச் சொல்வார். இதைப் புகாரிலும் எழுதுங்கள். அவமரியாதையோடு சேர்ந்து நடந்த சிகிச்சைக் குறைபாடு இது.

செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தபோது என் மேஜைக்கு நிறையப் புகார்கள் வந்திருக்கின்றன. "சாதி பார்த்து மரியாதை இல்லாமல் நடத்தினார்கள்" என்று மட்டும் இருந்தால், "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். நீங்கள் எனக்கு எழுதியதுபோல எழுதினால் மூட முடியாது. தேதி, நேரம், எந்த மேஜை, உங்கள் டோக்கன் எண், பின்னால் வந்தும் முன்னால் போனவர்களின் டோக்கன் எண் (நினைவிருந்தால்), அருகில் உட்கார்ந்திருந்தது யார், எல்லாம் வரட்டும். நர்ஸ் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று சுருக்காதீர்கள். அன்றைய கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஒரு வரி சேருங்கள், அதுவும் உடனே. பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

அப்புறம், புகாருக்கு முன்னால் மகளின் மருத்துவ ஆவணங்களை நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் கையில் இருந்தால் உங்களுக்கு பயம் பாதி குறையும்.

புகாரை மருத்துவமனை நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபால். இன்னொரு பிரதி மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு. தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது அந்த அலுவலகம்தான், அதனால் அங்கிருந்து கடிதம் போனால் நிர்வாகம் அசையும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு வரை போக நினைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது. பலர் பார்க்கும் இடத்தில் பட்டியல் சாதியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம். செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருக்க வேண்டும். உங்கள் விஷயம் எந்தப் பிரிவில் வரும் என்பதை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், போன் 15100. ஸ்டேஷனில் "விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்." என்றால், 18-ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் முன்விசாரணை தேவையில்லை என்று சொல்லுங்கள். வன்கொடுமை தடுப்புக்கான உதவி எண் 14566.

வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பிரசவம் அங்கேதான் என்று யார் எழுதி வைத்தது? கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் எந்த மருத்துவமனைக்கும் அதே எண்தான். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மருக்கும் போகலாம். அது மத்திய அரசு நிறுவனம், அங்கே ஏதாவது குறை என்றால் நம் முதல்வர் உதவி மையத்தின் 1100-க்கு போன் போட்டுப் பயனில்லை, மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில்தான் பதிய வேண்டும். இப்போது போகும் தனியார் மருத்துவமனையில் பார்க்கும் டாக்டரம்மா மீது மகளுக்கு நம்பிக்கை இருந்தால் மாறவும் வேண்டாம், புகார் நகலை அவரிடம் நேரில் கொடுத்து, "இனி பி.பி. உங்கள் முன்னால் பார்க்கட்டும்" என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.